கெப்பை 2 அங்குலம் உயர்த்துமுன்: எது தட்டுகிறது, எவ்வளவு ஏற்றுகிறீர்கள்?

கேள்வி இதுதான்: 2008ஆம் ஆண்டு ஹைலக்ஸ் விகோ டபுள் கெப், ஃபோர் வீல். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளிக்கு அப்பால் வயலுக்குப் போய்வருகிறது. விதைப்புக் காலத்தில் பின்பெட்டியில் பத்து மூடை யூரியா, மற்ற நாட்களில் வெறும் பெட்டி. மாரி தொடங்கினால் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) அடி தட்டுகிறது. முன்னுக்கு ஸ்பேசர், பின்னுக்கு புளொக் என்று இடைத் துண்டுகள் போட்டு அரை நாளில் 3 அங்குலம் உயர்த்தித் தருவதாகக் கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?

3 அங்குலம் வேண்டாம். முன்னுக்கு 40 மில்லிமீற்றர் போதும், மிஞ்சினால் 50. அதையும் ஸ்பேசர் வைத்து ஏற்றாமல், உங்கள் எடைக்குப் பொருந்திய ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளமுள்ள சொக் அப்சோபரும் போட்டு ஏற்றுங்கள். பின்னுக்கு எதைப் போடுவது என்பதை அந்தப் பத்து மூடைதான் முடிவு செய்யும். ஆனால் காசைக் கொடுக்குமுன் வாகனத்துக்குக் கீழே ஒருமுறை படுத்துப் பாருங்கள். உயர்த்தினாலும் தீராத பிரச்சினையாக இது இருக்கலாம்.

அடி தட்டுகிறது என்றால் எது தட்டுகிறது? வட்டைப் பாதையில் உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுகள் இரண்டு பக்கமும் ஆழமாகத் தடம் போட்டிருக்கும். நடுவில் மண் மேடாக நிற்கும். கெப்பின் சில்லுகள் அந்தத் தடத்தில் இறங்கும்போது நடு மேட்டில் முதலில் முட்டுவது பின் எக்ஸலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷல். அதன் அடி கறுப்புப் பெயின்ற் போய்ப் பளபளவென்று தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனை எத்தனை அங்குலம் தூக்கினாலும் பயனில்லை. ஸ்பிரிங் எக்ஸலுக்கு மேலே இருக்கிறது. தூக்கினால் உயர்வது சட்டமும் பொடியும்தான், டிஃபரன்ஷல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது ரயர் மட்டும். 265/65 ஆர் 17 ரயரின் குறுக்களவு ஏறக்குறைய 776 மி.மீ., 265/70 ஆர் 17 ரயருக்கு 803 மி.மீ. வித்தியாசம் 27, அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஆக 13 மி.மீ. அதோடு வேகமானி 100 காட்டும் இடத்தில் முன்பைவிட ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீற்றர் கூடுதலாக ஓடுவீர்கள்.

தேய்ந்திருப்பது முன்பக்க அடித்தகடு, நடுக் குறுக்குச் சட்டம், பக்கப்படி, பின்னால் இழுவைக் கொக்கி என்றால் 40 மி.மீ. உண்மையிலேயே கைகொடுக்கும். வாய்க்கால் கட்டில் ஏறி இறங்கும்போது பக்கப்படி உட்காருகிறதென்றால் படியைக் கழற்றிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி.

அடுத்தது, வாகனம் இப்போது எவ்வளவு தாழ்ந்துபோயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் இங்கே ஓடும் கெப்களில் பெரும்பாலானவை பழையவை, ஸ்பிரிங்கும் அவற்றோடு பிறந்தவை. பதினைந்து வருடம் உரமும் நெல்லும் சுமந்த பின் பிளேட்டுகள் (அடுக்கடுக்கான ஸ்பிரிங் தகடுகள்) 30, 40 மி.மீ. தளர்ந்திருப்பது அதிசயமில்லை. அப்படியானால் புதிய ஸ்பிரிங் போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும். தளர்ந்த ஸ்பிரிங்கை விட்டுவிட்டு அதன்மேல் புளொக் வைப்பது, உளுத்த மரத்துக்குப் பெயின்ற் அடிப்பது போல.

அளப்பதற்குச் சமதளம் வேண்டும். நெல் காயவைக்கும் சீமெந்துக் களம் நல்லது. டீசல் அரைத் தாங்கி, பெட்டி காலி, ரயர்க் காற்று சரி. ஜக்கியில் தூக்கி இறக்கியிருந்தால் அப்படியே அளக்கக் கூடாது. நாலைந்து மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, சில்லுகள் தன் நிலைக்கு வந்தபிறகு அளக்க வேண்டும். நிலத்திலிருந்து அளந்தால் ரயர்த் தேய்வும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். சில்லின் நடு மையத்திலிருந்து நேர்மேலே மட்கார்ட் வளைவின் விளிம்புவரை நான்கு மூலையையும் எழுதுங்கள். பிறகு பத்து மூடையையும் வழக்கமாக வரும் ஆட்களையும் ஏற்றி மறுபடி எழுதுங்கள். அப்போதே பின் எக்ஸலுக்கும், அது சட்டத்தில் இடிக்காமல் தாங்கும் பம்ப் ரப்பருக்கும் இடையில் எத்தனை விரல் போகிறது என்றும் பாருங்கள். இந்த எட்டு எண்ணும் கையில் இல்லாமல் ஸ்பிரிங் தெரிவு செய்ய முடியாது. சாரதி பக்கம் சில மி.மீ. தாழ்ந்திருப்பது வழமை. 15க்கு மேல் வித்தியாசம் என்றால் அந்தப் பக்கம் பிளேட்டோ முன் ஸ்பிரிங்கோ உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடல் காற்றுப்படும் ஊர்களில் பிளேட்டுகளுக்கு நடுவே துரு ஏறி, தேயிலைச் சாயம் போல ஒரு கோடு வழிந்திருக்கும். உடைவு பெரும்பாலும் பிளேட்டுகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் துளையைச் சுற்றி இருப்பதால், பிளேட்டுகளை எக்ஸலோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றும்வரை கண்ணில் படாது.

இப்போது முன்பக்கம். விகோவின் முன்னுக்குச் சொக்கும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக, சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மில் நிற்கின்றன. அந்தத் தூண் ஆர்மின் நடுவாக்கில் பிடித்திருப்பதால், தூணின் தொப்பிக்கும் சட்டத்துக்கும் இடையில் 25 மி.மீ. துண்டு வைத்தால் சில்லில் அது 45, 50 ஆகத் தெரியும். அங்குல ஸ்பேசர் இரண்டங்குலம் தூக்குவதன் இரகசியம் இவ்வளவுதான். சொக்கின் நீளமும் ஓட்டமும் மாறுவதில்லை, முழுத் தூணும் கீழே தள்ளப்படுகிறது. சில்லு பள்ளத்தில் தொங்கும்போது ஆர்ம்கள் தாங்கள் போகக்கூடாத அளவுக்குக் கீழே போகின்றன. மேல் ஆர்ம் சுருள் ஸ்பிரிங்கில் போய்ச் சாய்கிறது. ஸ்பேசர் போட்ட வாகனத்தை ஜக்கியில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டுக் கைவிளக்கு அடித்தால், ஸ்பிரிங்கின் மேல் வளையத்தில் பெயின்ற் உரிந்து நகக்கீறல் போல ஒரு பளிச்சென்ற தழும்பு தெரியும். மேல் ஆர்மின் முனையிலுள்ள உருண்டை மூட்டு (போல் ஜொயின்ட்) கடைசிக் கோணம்வரை மடிந்திருக்கும். எதிர்ப்பக்கத்திலும் கேடுதான். வேகத்தடையில் விழும்போது பம்ப் ரப்பர் தாங்குமுன் சொக்கின் உள்ளே பிஸ்டன் அடித்தட்டில் இடிக்கும். சில மாதத்தில் சொக் எண்ணெய் கசியும். ஸ்பேசர் வைத்த கராஜ், சொக் தரமில்லை என்று சொல்லும்.

ஸ்பிரிங்குக்கும் அதன் கிண்ணத்துக்கும் நடுவே வைக்கும் இன்னொரு வகை ஸ்பேசர் உண்டு. அது தூணைத் தள்ளாது, ஆனால் சொக்கை நிற்கும் நிலையிலேயே நீட்டிவைத்துவிடும். பிறகு ஒவ்வொரு குழியிலும் சொக் மேலே முட்டி ‘டக்’ என்று அடிக்கும். ஸ்பிரிங்கும் கடினமாவதில்லை.

ஆகவே சற்று நீளமான, எடைக்கேற்ற ஸ்பிரிங்கையும் அதற்கென்றே செய்த சொக்கையும் ஒரு சோடியாக வாங்குங்கள். ஓல்ட் மேன் எமு, அயன்மேன், டஃப் டோக் போன்ற சஸ்பென்ஷன் நிறுவனங்கள் இதே மாதிரிக்கு இரண்டு மூன்று கடினத்தில் ஸ்பிரிங் செய்கின்றன. முன்னுக்கு எதுவும் பூட்டாத வாகனத்துக்கு ஒன்று, புல் பார் என்னும் இரும்பு முன்காப்புச் சட்டம் உள்ளதற்கு ஒன்று, வின்ச்சும் (கம்பியால் இழுக்கும் இயந்திரம்) சேர்ந்ததற்கு ஒன்று. வெறும் வாகனத்துக்கு புல் பார் ஸ்பிரிங்கைப் போட்டால் 50க்குப் பதில் 70 மி.மீ. ஏறி, குதிரை போலத் துள்ளும். பிற்காலத்தில் புல் பார் பூட்ட எண்ணமிருந்தால் முதலில் அதைப் பூட்டுங்கள், பிறகு ஸ்பிரிங் வாங்குங்கள்.

50க்கு மேல் ஏன் போகக்கூடாது என்றால், காரணம் முன் எக்ஸலைச் சரிந்தபடியே சுழலவிடும் மூட்டான சி.வி. ஜொயின்ட். முன் டிஃபரன்ஷல், பின்னதைப் போலன்றி, சட்டத்தோடு மேலே போகிறது, சில்லு கீழே நிற்கிறது, நடுவில் எக்ஸல் சரிகிறது. கோணம் கூடக்கூட அந்த மூட்டை மூடும் ரப்பர் உறையின் (சி.வி. பூட்) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி அறுபடும். மேல்பக்க மடிப்பு அறுந்து கிறீஸ் சில்லின் உட்பக்கம் தெறித்திருப்பதுதான் முதல் அடையாளம். வயல் சேறும் கடற்கரை மணலும் உள்ளே போய்விட்டால் வளைவில் ‘டக டக’ சத்தம் வர அதிக நாள் எடுக்காது. 3 அங்குலத்துக்கு முன் டிஃபரன்ஷலை இறக்கும் துண்டுகளும் கோணம் திருத்திய மேல் ஆர்ம்களும் வேண்டும். அது வேறு செலவு, வேறு வேலை. அரை நாளில் முடிகிறதென்றால் அவையெல்லாம் போடப்படவில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது முன் சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். முன்பக்கம் உயரும்போது காஸ்டர் கோணம் குறையும். குறைந்தால் வளைவு முடிந்தபிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. கல்முனைப் பக்கம் நேர் வீதியில் 80இல் போகும்போது வாகனம் அங்குமிங்கும் அலையும், கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விகோவில் காஸ்டரையும் கேம்பரையும் (சில்லு உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) சரிசெய்வது கீழ் ஆர்மின் உட்பக்கத்துக் கேம் போல்ட்டுகள். இங்கேதான் நம் பக்கத்து வாகனங்கள் மாட்டிக்கொள்கின்றன. உப்புக்காற்றில் அந்தப் போல்ட்டுகள், ரப்பர் சுற்றிய புஷ்ஷின் நடு இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட்டு கழரும், போல்ட் அசையாது. பலம்போட்டுத் திருப்பினால் புஷ் ரப்பர் முறுகி மறுபடி பழைய இடத்துக்கே திரும்பும். அந்த நிலையில் உயர்த்திவிட்டு அலைன்மென்ட் கடைக்குப் போனால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, முன் ரயர் இரண்டும் தேய்ந்து முடியும். ஆகவே ஸ்பிரிங் ஓடர் கொடுக்குமுன், துரு இளக்கும் எண்ணெயை நாலைந்து நாள் காலை மாலை அடித்துவிட்டு, அந்தப் போல்ட்டுகள் திரும்புகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பாவிட்டால் வெட்டியெடுத்து, புதுப் போல்ட்டும் கீழ் ஆர்ம் புஷ்ஷும் போடும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுப் போல்ட்டைப் போடும்போது தண்டில் கிறீஸ் பூசிப் போட்டால் அடுத்தமுறை இந்தப் பாடு இல்லை.

பழைய எல் 200, முதல் தலைமுறை டி-மெக்ஸ், 2011க்கு முந்திய ரேஞ்சர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகித் தாங்கும் இரும்புத் தண்டு, அதாவது டோர்ஷன் பார். சரிசெய்யும் போல்ட்டைத் திருப்பினாலே உயரும், செலவில்லை. ஆனால் 25, 30 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். திருப்புவதால் பார் கடினமாவதில்லை, சில்லு கீழே தொங்கும் ஓட்டம்தான் குறைகிறது. மேல் ஆர்ம் தன் கீழ்நிறுத்தி ரப்பரில் ஏற்கெனவே அமர்ந்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டீர்கள். திருப்புமுன் பழைய இடத்தைப் பெயின்றால் குறித்துவையுங்கள்.

இனிப் பின்பக்கம். உங்களுக்கு உண்மையான வேலை இங்கேதான். யூரியா மூடை 50 கிலோ, பத்து மூடை 500. சாரதியோடு நாலு பேர் என்றால் இன்னும் 280 வரை. எப்போதும் இந்த எடை இருந்தால் தெரிவு எளிது. உங்களுக்கோ பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் சில வாரம்தான் சுமை. மீதி நாள் வெறும் பெட்டி. 500 கிலோவை நிரந்தரமாகச் சுமக்கச் செய்த பிளேட் கட்டை வாங்கினால் வெறுமையாக ஓடும் நாளில் பின்பக்கம் கல்லாகிவிடும், அலையலையாகக் கிடக்கும் கிறவல் வீதியில் பின் சில்லு நிலத்தைவிட்டு எகிறி வாகனம் பக்கவாட்டில் நழுவும். மழைநாளில் இது ஆபத்து. மெதுவான மேல் பிளேட்டுகளும், சுமை ஏறியபின் மட்டும் வந்து தாங்கும் தடித்த கீழ்ப் பிளேட்டும் உள்ள இரண்டு கட்ட வகையை, நடுத்தரச் சுமைக்கு என்று கேட்டு வாங்குங்கள். பெட்டி காலியாக இருக்கும்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 20, 30 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். சுமை ஏறியதும் அது சமமாகும். காலியாகவே சமமாக நிற்கும்படி செய்த வாகனம் சுமை ஏற்றினால் மூக்கைத் தூக்கும், வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இங்கே பரவலாகச் செய்யும் மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். கூடுதலாக ஒரு பிளேட் சேர்ப்பது மோசமில்லை, மற்றப் பிளேட்டுகள் நல்ல நிலையில் இருந்தால். அதே வளைவும் சரியான நீளமும் உள்ளதாக இருக்க வேண்டும். லொறிப் பிளேட்டை வெட்டிச் சொருகினால் அதன் நுனி மேல் பிளேட்டைக் கடித்து அங்கேயே முறிக்கும். பட்டறையில் நெருப்பில் வைத்துப் பழைய பிளேட்டை வளைத்துத் தருவார்கள். சரியான வெப்பத்தில் எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றாவிட்டால் எஃகின் பதம் போய்விடும், ஓரிரு போகத்துக்குள் பழையபடி தளரும். பிளேட்டின் பின்முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷெக்கிளை நீளமானதாகப் போட்டால், கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 50 கூட்டினால் 25. டிஃபரன்ஷலின் முன்மூக்கான பினியன் மேல்நோக்கிச் சாய்ந்து, அதைச் சுழற்றும் நீளத் தண்டான புறொப்பெலர் ஷாஃப்ட் அதிரவும் தொடங்கும். எக்ஸலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே வைக்கும் புளொக், எக்ஸல் முறுக்கும் நெம்பை நீட்டுகிறது. சேற்றில் முழு வேகம் கொடுக்கும்போது பிளேட் எஸ் வடிவில் நெளியும். ஒரு புளொக்குக்கு மேல் இன்னொன்றை அடுக்கியிருக்கும் வாகனத்தில் ஏறாதீர்கள். பிளேட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பையும் கவனத்துக்குரியது. பல புள்ளிகளில் பரவ வேண்டிய எடையைச் சட்டத்தின் ஒரே இடத்தில் குவிக்கிறது. பெட்டியின் பின்முனையில் பாரம் வைத்துக் குண்டுங்குழியில் ஓடினால் கெபினுக்குப் பின்னால் சட்டமே வளைந்துவிடும்.

பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பின் எக்ஸலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய்ச் சட்டத்திலுள்ள ஒரு வால்வில் முடிகிறதா என்று பாருங்கள். பல விகோக்களில் உண்டு. பெட்டியில் எவ்வளவு சுமை என்பதை, பின்பக்கம் தாழ்ந்த அளவை வைத்து அறிந்து, பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. நீங்கள் 50 மி.மீ. தூக்கிவிட்டால், பத்து மூடை ஏற்றியிருக்கும்போதும் பெட்டி காலி என்றே அது நினைக்கும். பின் பிறேக் அரைகுறையாகப் பிடிக்கும், முழுப் பாரமும் முன் டிஸ்க்கில் விழும். தூக்கிய அளவுக்கே கம்பியின் இருப்பிடத்தை உயர்த்தும் சிறு பிறாக்கெட் விற்கிறது. உயர்த்தும் கிற்றுடன் அதுவும் வருகிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்டதும் விழிக்கும் கராஜில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வேலை நடக்கும்போது நீங்கள் நிற்பது நல்லது. முன் தூணின் நடு நட்டைச் ஸ்பிரிங் அமுக்கும் கருவி இல்லாமல் கழற்ற விடாதீர்கள். அடைபட்ட ஸ்பிரிங் வெளிப்பட்டால் ஆளைக் கொல்லும் பலம் அதில் இருக்கிறது. யூ போல்ட்டும் நட்டும் புதிதாக வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட பழைய போல்ட் மறுபடி பிடிமானம் தராது. மிக முக்கியமானது புஷ். கீழ் ஆர்ம் போல்ட், பிளேட் கண் போல்ட், ஷெக்கிள் போல்ட் எல்லாவற்றையும் முதலில் இலேசாகப் பூட்டி, வாகனத்தைச் சில்லில் இறக்கி, ஒருமுறை ஆட்டிவிட்டு, எடை முழுவதும் சில்லில் நிற்கும்போதுதான் டோர்க் ரெஞ்சால் கைநூல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். ஜக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் தொங்கும் நிலையிலேயே பிடிபட்டுவிடும். இறக்கியதும் அது நிரந்தரமாக முறுகி நிற்கும். மூன்று நாலு மாதத்தில் ரப்பர் கிழிந்து, இரும்புக் குழாயைச் சுற்றி வெடிப்பு விழுந்து, வேகத்தடைதோறும் ‘கிறீச்’ என்று முனகும்.

முடிந்ததும் பின் எக்ஸலை முழுதாகத் தொங்கவிட்டு, பிறேக் ஹோஸ், ஹேண்ட் பிறேக் கேபிள், எக்ஸலின் மூச்சுக்குழாய், ஏ.பி.எஸ். வயர் எல்லாம் இறுக்கமாக இழுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னுக்கு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி ரயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது காலடியில் ஓர் அதிர்வு வந்தால் அது புறொப்பெலர் ஷாஃப்ட்டின் நடு பெயாரிங். அதை 10 மி.மீ. அளவில் இறக்கும் துண்டு போட்டால் பெரும்பாலும் சரியாகும். அலைன்மென்ட் கடையில் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். இரு பக்கக் காஸ்டரும் அரைப் பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும். டோ (முன் சில்லுகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் மற்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், மாவட்டத்திலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள மொத்த எடை வரம்பு புது ஸ்பிரிங்கால் ஒரு கிலோகூட உயராது.

வாகரை, பாணமைப் பக்கம் கடற்கரை மணலுக்காகவும் உயர்த்த நினைப்பவர்கள், முதலில் காற்றைக் குறைத்துப் பாருங்கள். 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிய ரயர் தரும் மிதப்பை எந்த ஸ்பிரிங்கும் தராது. தார் வீதிக்கு ஏறியதும் மறக்காமல் நிரப்புங்கள்.

வெள்ளத்துக்கு இது மருந்தே இல்லை. தயாரிப்பாளர்கள் நீர் கடக்கும் ஆழமாகச் சொல்வது விகோவுக்குப் பின் வந்த ஹைலக்ஸ் ரிவோவுக்கு 700 மி.மீ., 2011க்குப் பிந்திய ரேஞ்சருக்கு 800. அதுவும் நின்ற நீருக்கு. ஸ்பிரிங்கை மாற்றினாலும் எக்ஸலின் மூச்சுக்குழாய் வாய் பழைய உயரத்தில் இருந்தால் டிஃபரன்ஷலுக்குள் நீர் போகும், எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறும். அந்தக் குழாயை மேலே நீட்டிவிடுவது நல்ல, மலிவான வேலை. ஓடும் நீரின் கதை வேறு. கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மாரியில் மூழ்கினால் தோணியில்தான் ஆட்கள் போகிறார்கள். 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் பிள்ளைகளோடு அள்ளுண்டு போனது ஓர் உழவு இயந்திரம். கெப்பைவிட உயரமானது அது. நீர் குறுக்கே ஓடும் வீதியில் 50 மி.மீ. கூடிவிட்டது என்று இறங்கிவிடாதீர்கள்.

500 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட், ஷெக்கிள், முன் தூண் நட்டு எல்லாவற்றையும் மறுபடி டோர்க் பார்க்க வேண்டும். புதுப் பிளேட்டுகள் ஒன்றோடொன்று அமரும்போது யூ போல்ட் தளர்வது இயல்பு. தளர்ந்த யூ போல்ட்தான் சென்டர் போல்ட்டை அறுக்கும், அறுந்தால் எக்ஸல் குறுக்கே நகரும். ஒரு மாதத்தில் ஸ்பிரிங் 5 முதல் 10 மி.மீ. வரை இறங்கி நிலைக்கும். அப்போது அதே களத்தில், அதே அரைத் தாங்கி டீசலோடு நான்கு மூலையையும் அளந்து முதல் எண்களோடு ஒப்பிட்டு, முன் விளக்குகளைக் கீழே இறக்கி, அலைன்மென்ட்டை மறுபடி பாருங்கள்.